சீல் வைத்த கிட்டங்கி

போடியில் சாந்தகுமாரியின் ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் போலீஸ் சீல் வைத்தது 1981 ஐப்பசியில். காய் வரத்து மும்முரமாக இருந்த நேரம். மலைக்காட்டில் தீவிரவாதிகள் ஒளிந்திருக்கிறார்களாம், அவர்களுக்கு அரிசியும் மருந்தும் இவள் ஜீப்பில் போகிறதாம். அவள் பாங்கிக் கணக்கையும் நிறுத்திவிட்டார்கள்.

"எழுத்துல ஏதாச்சும் குடுங்க சார்" என்றாள்.

"மேலிடத்து உத்தரவும்மா. சந்தேகம் தீர்ற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அரிசி போனது உண்மைதான். மழையில் மலைப்பாதை சரிந்துவிடும் என்று, தோட்டத்து ஆட்களுக்காக வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றி அனுப்பியிருந்தாள். அது போலீசுக்கு எப்படித் தெரிந்தது? லோடு ஏற்றியது வீட்டு வாசலில். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

டிரைவர் ராக்கையாவைக் கூப்பிட்டாள்.

"மேல வேற யாருக்காவது அரிசியக் குடுத்தியா?"

"நம்ம ஆளுக இருக்குற லயத்துல எறக்குனதோட சரிக்கா. என்னையவா சந்தேகப்படுறீக?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளுக்குக் குற்றமாகப் பட்டது. ஜீப்புச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் சொந்த ஊரான தேவாரத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அதன்பின் வீட்டுக்கு எதிர்க்கடை காமராஜ் மேல் சந்தேகம். அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று தோன்றியது, சிரிக்காவிட்டாலும் தோன்றியது. ஊருக்கும் அவள் மேல் அப்படித்தான். கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கணவர் தங்கபாண்டியனை மட்டும் அவள் நம்பினாள். அவர் அரசுப் பள்ளியில் வாத்தியார்.

"கோர்ட்டுக்கெல்லாம் போகாத சாந்தா. இன்னும் சந்தேகப்படுவாங்க" என்றார் அவர்.

"மூட்டையெல்லாம் ஈரம் ஏறிப் பூத்துப் போகுமேங்க" என்றாள். மறுநாள் மதுரைக்குப் போய் வக்கீல் பெரியகருப்பனைப் பார்த்தாள்.

வக்கீல் மெதுவாகச் சொன்னார். "சொத்து வச்சிருக்கிறது இப்ப அடிப்படை உரிமை இல்லம்மா, எடுத்துட்டாங்க. ஆனா சட்டத்தோட அதிகாரம் இல்லாம யார் சொத்தையும் பறிக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல இருக்கு. அதப் பிடிச்சுத்தான் போகணும்."

சென்னை ஹைகோர்ட்டில் வழக்கு வந்த அன்று அவளும் போயிருந்தாள். வாதம் இங்கிலீஷில் நடந்தது. நடுவில் அரசு வக்கீல் தங்கபாண்டியன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தாள். பெரியகருப்பன் குனிந்து அவள் காதில் சொன்னார்.

"அரிசி யாருக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது, என் சம்சாரத்தைத்தான் கேக்கணும்னு உங்க வீட்டுக்காரர் போலீஸ்ல சொல்லியிருக்காராம்."

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவள் மனதில் ஏறவில்லை. வெளியே வந்தபின் வக்கீல்தான் விளக்கினார். விசாரிப்பதைக் கோர்ட் தடுக்கவில்லை. காரணத்தை எழுதாமல், அவள் பதிலையும் கேட்காமல், காலவரையின்றிப் பூட்டிவைக்க எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று நீதிபதி கேட்டிருக்கிறார். கிட்டங்கியையும் கணக்கையும் விடச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்.

"என்னங்க, அரிசி யாருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான கூட நின்னு ஏத்துனீங்க?"

தங்கபாண்டியன் தரையைப் பார்த்தார். "காட்டுக்கு அரிசி போகுதுன்னு யாரோ மொட்டைப் பெட்டிசன் போட்டுருக்கான். என்னைய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

"பயந்தேன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."



சீல் உடைத்தபோது மேல் மூட்டைகள் பூசணம் பிடித்திருந்தன. மிச்சக் காய் பச்சை வெளுத்து மஞ்சளாகிக் கிடந்தது. நட்டத்துக்குத்தான் தள்ளிவிட்டாள். அந்த வாரமே தேவாரத்துக்குப் போனாள். ராக்கையா வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

"தப்பாப் பேசிட்டேன் ராக்கையா. வண்டிக்கு வா."

"நீங்க கேட்டது தப்பில்லக்கா. நான் சொன்னது ஒங்க காதுலயே ஏறலயே, அதான் வருத்தம்" என்றான். கால் கழுவிக்கொண்டு, "இந்த வயல் சோலிய முடிச்சுட்டு வர்றேன்" என்றான். சொன்னபடி தை மாதம் வந்தான்.

மொட்டைப் பெட்டிசன் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. காமராஜைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மனசு ஒரு நிமிஷம் தயங்கும், பிறகு அவளே வலிய வணக்கம் சொல்வாள். தங்கபாண்டியன் மாற்றல் கேட்டு உத்தமபாளையத்துக்குப் போனார். கூட வரச் சொன்னார். ஏலக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று சாந்தகுமாரி போடியிலேயே இருந்துவிட்டாள்.