பூசணிக்காய் உடைத்தவள்

சாதுவான மனுஷியை ஊர் சூனியக்காரி என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒச்சம்மாளும் நானும் கொச்சி மட்டாஞ்சேரியில் அடுத்தடுத்த வாடகை அறைகளில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நான் சுக்குக் கிடங்கில் கூலி வேலை பார்க்கிறேன். அவள் யூதர் தெருவான ஜூ டவுனுக்குத் திரும்பும் முக்கில் இட்லி வண்டி போட்டிருக்கிறாள். அடுத்தவர் காலை மிதித்துவிட்டால் அவர் வீடு வரை போய் மன்னிப்புக் கேட்கிற ஜென்மம்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? அமாவாசையன்று வண்டிக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தாள், அவ்வளவுதான். நம் ஊரில் பஞ்சர் கடைக்காரன்கூடச் செய்கிற காரியம். காயில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடம் ஏற்றிச் சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைப்பது. இங்கே தேங்காய் உடைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பூசணிக்காயை இப்படி உடைத்து அந்தத் தெரு பார்த்ததில்லை. விடிகிற நேரத்தில் அவள் போட்ட காய், அனில் சேட்டனின் பழம்பொருள் கடை வாசல் வரை சிவப்பாகச் சிதறிவிட்டது. அன்று சாயங்காலம் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் கண்டது.

காய்ச்சல் எல்லார் வீட்டிலும்தான் இருந்தது. மழை விட்ட சமயம், சாக்கடையெல்லாம் கொசு. ஆனால் கொசுவைப் பிடித்து நாலு கேள்வி கேட்க முடியுமா? அனில் கடை கேமராவிலோ கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தாள். தனியாக வாழும் தமிழச்சி, தலைக்குக் குளித்து விரித்துப் போட்ட கூந்தல், கையில் சிவப்பாக ஒழுகும் காய். அந்தப் படத்தைக் ‘கூடோத்ரம்’ என்று எழுதி யாரோ வாட்ஸப்பில் விட்டார்கள். செய்வினைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். மறுநாள் மதியத்துக்குள் அது பக்கத்து ஊரான கும்பளங்கி வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது அவள் மூன்று குழந்தைகளைக் கொன்றிருந்தாள். அடப்பாவிகளா!

அனிலின் குழந்தையை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோன மறுநாள் காலை, கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் அவளிடம் தினமும் இட்லி வாங்கித் தின்கிறவர்கள். அனில் அடிக்க வந்திருந்தால் நான் இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். அந்த மனுஷன் கைகூப்பி அழுதுகொண்டு நின்றார்.

“சேச்சி, என்றே மோள் ஐ.சி.யூ.வில கிடக்குது. வச்சதை எடுத்துக்கோ. எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அது மதி, போதும். ஞங்ஙள் போயிடுறோம்.”

“இல்லேங்கில் வண்டியும் இருக்காது, நீயும் இங்கே இருக்க மாட்டே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

வீட்டுக்காரர் யூசுப் இக்கா நடுங்கிப்போய், “சொல்லிடு மோளே” என்றார். நானும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “சொல்லித் தொலையேன்டி. வாய்வார்த்தைதானே? பொழப்பு போயிரும்டி!”

“மாட்டேன் வசந்தி” என்றாள். பிறகு அனிலைப் பார்த்தாள். “அண்ணே, எடுத்துட்டேன்னு சொன்னா, வச்சது நாந்தான்னு ஆயிரும். நாளைக்கு வேற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கிட்டத்தான் வருவாக. நான் இல்லாட்டி இந்தா நிக்கிறாளே, இவளத் தேடுவாக. ஒங்க பிள்ளைக்காக எந்தச் சாமியவேணாலும் கும்புடுறேன். இந்தப் பொய்ய மட்டும் கேக்காதீக.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தேசத்தில் பயிர் கருகினாலும் பசு பால் கறக்காவிட்டாலும் ஒரு தனிக்கட்டைப் பெண்ணைப் பிடித்துக் கட்டிவைத்து, ஒப்புக்கொள், ஒப்புக்கொள் என்று வதைப்பார்களாம். ஒப்புக்கொண்டால் போதாது, இன்னொருத்தியின் பெயரையும் சொல்ல வேண்டுமாம். கல்லூரியில் படிக்கிற என் மகன் சொல்லியிருக்கிறான். இவளுக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது. ஆனால் அவ்வளவு பேர் முன்னால், அடுத்தவளான என்னையும் காப்பாற்றத்தான் அவள் அந்தப் பொய்யைச் சொல்ல மறுத்தாள். அம்மாடி, இவளா தினமும் என்னிடம் உப்புக் கடன் கேட்கிறவள் என்று நான் மலைத்துப்போய் நின்றேன்.

வண்டியைக் கவிழ்த்தார்கள். கொதிக்கிற சாம்பார் சாக்கடையில் ஓடியது. அப்போதும் அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. டெங்கு என்றார்கள். அது வீட்டுக்கு வந்ததும் அதே கூட்டம் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தது, இந்தத் தடவை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு. அனில் புது வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் பெண்கள் பிள்ளைகளோடும் எலுமிச்சம்பழத்தோடும் வரிசையாக நின்றார்கள்.

“சேச்சி வாயால சொல்லாம, மிண்டாம இருந்தே எடுத்துட்டாங்க. அதான் மோள் பிழைச்சா. இந்தப் பிள்ளைகளுக்கும் ஒண்ணு சுத்திப் போடணும்” என்றார் அனில்.

எனக்கு ஒரே குஷி. “அடியே, இனி நீ இட்லி அவிக்கவே வேணாம்டி” என்று காதில் சொன்னேன். அவளோ வெலவெலத்துப் போயிருந்தாள். வண்டியைக் கவிழ்த்த அன்றுகூட அவள் முகத்தில் அந்தப் பயத்தை நான் பார்க்கவில்லை.

“நான் ஒண்ணும் எடுக்கல அண்ணே. கொசு கடிச்சு வந்துச்சு, டாக்டரு பாத்தாரு, போயிருச்சு.”

“சேச்சிக்கு அடக்கம்” என்று சிரித்தார் அவர்.

“இல்லண்ணே. இன்னைக்கு நீங்க கும்புடுறத நான் ஏத்துக்கிட்டா, அன்னைக்கு வண்டியக் கவுத்ததும் சரின்னு ஆயிரும். பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க.”

வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஒருத்தி எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு முணுமுணுத்தபடி போனாள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அனில் மட்டும் போகவில்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்போ என்றே மோளுக்கு யாரும் ஒண்ணும் செய்யலையா?”

“யாரும் செய்யல அண்ணே.”

அவர் புது வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“அப்போ… ஞான் சேச்சிக்குச் செஞ்சது?”

அவர் தலை குனியும் வரை ஒச்சம்மாள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.