கறுக்காத படம்

காலையிலிருந்து நின்று நின்று ஜாபஸுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. பூந்தமல்லியில் அந்த எக்ஸ்ரே சென்டரில் அன்று படமெடுக்க அவன் ஒருவன்தான். அந்த அசதியில், முன்னால் வந்துபோன லாரி டிரைவருக்கு வைத்த கதிர் அளவை மாற்றாமலே நான்கு வயது அலீனாவின் நெஞ்சைப் படமெடுத்துவிட்டான்.

பிலிம் காலமாக இருந்தால் படம் தார் மாதிரி கறுத்து வந்திருக்கும். தப்பு உடனே தெரியும். திட்டு வாங்கி, தாயிடம் சொல்லி, மறுபடி எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோ அதிகப்படியான கதிரைத் தானே சரிக்கட்டி அழகான படமாகக் காட்டியது. திரையின் ஓரத்தில் கதிரின் அளவைச் சொல்லும் எண் மட்டும் எகிறியிருந்தது. அதை டாக்டர்கூடப் பார்ப்பதில்லை; ஜாபஸ் பார்த்தான்.

“இன்னா அண்ணாத்தே, ஒரே தபாவுல முடிஞ்சிட்ச்சா?” என்றாள் தாய் நஜ்மா. “சின்னதுல என்னிய மூணு தபா நிக்க வச்சாங்க. இப்ப மிஷினு சோக்கா கீது!”

“ஆமாக்கா. படம் நல்லா வந்துகீது” என்றான் ஜாபஸ்.

ஒரு தடவையில் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று அவனுக்குத் தெரியும். அலீனா டாட்டா காட்டிவிட்டுப் போனாள். ‘உன் பிள்ளைக்குத் தேவைக்கு மேல் கதிர் விட்டுவிட்டேன்’ என்று நஜ்மாவிடம் அவன் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சொல் இன்னும் பாக்கி.