கடைசி வளைவில் ஒரு கை

சிங்கப்பூர் தேக்காவில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ரஞ்சன் அந்தக் கதையை மூன்றாவது முறையாக எடுத்தபோது பிரசாந்திக்குக் கோபம் தலைக்கேறியது. ரசம் ஊற்ற வந்தவரைக் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"கடைசி வளைவுல நான் முதுகுல கை வச்சுத் தள்ளலன்னா, இவ இன்னும் தோபா ஏரியைப் பாத்துக்கிட்டு அங்கயேதான் நின்னுருப்பா லா," என்றான். சைக்கிள் குழு மொத்தமும் சிரித்தது. பெண்டாட்டியைத் தள்ளி மலையேற்றிய பெருமை அவனுக்கு.

போன மாதம் சுமத்ராவில் அவர்கள் ஏறிய சாலை அது. ஏரிக்கரையில் தொடங்கிச் செங்குத்தாக மேலே போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே தண்ணீர் இன்னும் கொஞ்சம் விரியும். அத்தனை அழகையும் நின்று பார்க்க ஆசையிருக்கும், நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. அந்த ஏற்றத்துக்காக ஒரு வருஷம் பிடோக் வீட்டிலிருந்து போய்ப் போய் ஃபேபர் மலையில் ஏறி இறங்கினாள். காலைத் தரையில் ஊன்றாமல், யார் தயவும் இல்லாமல் ஒரு மலையாவது ஏறிவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அவளுக்கு ஆபீசில் கிடைத்த பதவி உயர்வுக்குக்கூட, "நான்தானே அப்ளை பண்ணச் சொன்னேன்," என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் ரஞ்சன்.

"நான் கையை எடுன்னு சொன்னேன்," என்றாள்.

"எங்க சொன்னே? உனக்கு மூச்சே வரல."

"காதர் அண்ணே, உங்க சைக்கிள் கேமரால இருக்கும். போடுங்க."

குழுத் தலைவர் காதர் மைதீன் அன்று அவளுக்குப் பின்னால் வந்தவர். "புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கு எதுக்கு," என்று முனகியபடியே அந்தப் பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டு, தண்ணீர்க் குவளைமீது சாய்த்து வைத்தார்.

திரையில் பிரசாந்தி மெதுவாக, ஆனால் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள். வளைவில் குழுவின் வேன் நின்றது. ரஞ்சன் அதிலிருந்து இறங்கினான். சட்டையில் வேர்வை கூட இல்லை. ஓடிவந்து அவள் முதுகில் கை வைத்தான்.

"கையை எடு ரஞ்சன்." அவன் சிரித்தான். "எடுடா கையை."

மேசையில் எல்லோரும் ரஞ்சனைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீ வேன்லயா வந்தே?" என்றான் அன்று முன்னால் போய்விட்ட திலீப்.

"முட்டி வலி லா."

அவன் பாதியிலேயே வேனில் ஏறியதை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த கூலிதான் இந்தச் சிரிப்பு.

ரஞ்சன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னான். "சரி, சரி. அடுத்த தடவை தள்ள மாட்டேன். போதுமா?"

"அடுத்த தடவை நீ வரல."

அவள் காதர் மைதீன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அடுத்த தோபா பயணத்துக்கு என் பேரை மட்டும் போடுங்க. நான் மறுபடி அடியிலேருந்து ஏறணும்."