உருண்டைகள்தான் வந்தன

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் எங்கள் தெரு யோகலட்சுமி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கடுகைக் கொட்டிவைத்தது போல உருண்டைகள்.

"எல்லாம் கரிதான்க்கா. ஒரு உருண்டை தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட வராது. நான் செஞ்சது."

வேலூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி அவள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தோல் தொட்டிகளின் நாற்றத்துக்கு நடுவே, ஓர் ஏழைத் தகப்பனின்...'

வாசித்துக் காட்டியதும் சீறினாள். "இன்னாக்கா இது? எங்கப்பா ஷூ கம்பெனில சூப்பர்வைசர். நாத்தம் உனக்குத்தான் அடிக்குது. ஃபர்னஸ்ல இருந்து ஆரம்பி."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

சரி, உலை. அதற்குள் ஒரு குவார்ட்ஸ் குழாய். அது நன்றாகச் சூடேறியதும் நைட்ரஜனோடு, பெயிண்ட் கரைக்கப் பயன்படும் டொலுவீனின் ஆவியை உள்ளே அனுப்புவாள். சூட்டில் ஆவி உடைந்து, கரி மட்டும் குழாய்ச் சுவரில் கறுப்பாகப் படியும்.

அவளுடைய ஆராய்ச்சி நெறியாளர் ஜெயசீலன் கேட்டது கரியாலான நுண்குழாய்கள். இவளுக்கு வந்தது உருண்டைகள். நுண்குழாய் வளர உதவும் வினையூக்கியே போடாமல் செய்து பார்த்தாள். இன்னும் சீரான உருண்டைகள்.

"இது வெறும் புகைக்கரிம்மா," என்றார் அவர். "ரிவ்யூல கௌதமோட படத்தைப் போட்டுடு. ட்யூப் நல்லாத் தெரியும்."

கௌதம் அவளுக்கு முன்பு அங்கே படித்தவன்.

(இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். "அழல. பசிச்சுது. கேன்டீன்ல பரோட்டா துன்னேன்," என்றாள்.)

4

ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தேர்வாளர் முன் காட்டும் ரிவ்யூவில் தன் உருண்டைகளையே திரையில் போட்டாள். ஜெயசீலன் எழுந்துவிட்டார்.

"நான் சொன்ன படம் இது இல்லியே?"

"இல்ல சார். இது நான் செஞ்சது."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "மறுபடி செஞ்சா இதே வருமா?"

"வரும் சார். இருந்து பாருங்க, உங்க எதிர்லயே செய்றேன்."

ஜெயசீலன் வெளியே போய்விட்டார். அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். நெறியாளரை மாற்றித் தரும்படி அவள் கல்லூரி அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள்.

5

முடிவு ஒன்று: ஜெயசீலன் மனம் மாறி...

முடிவு இரண்டு: யோகலட்சுமி படிப்பை விட்டு ஷூ கம்பெனியில்...

இரண்டையும் கேட்டுச் சிரித்தாள். "அவர் திருந்தணும்னு நான் இதைச் செய்யலக்கா. நான் போய்ட்டேன்னும் எழுதாத. நீ முடிச்சு வெச்சா, படிக்கிறவங்க 'பாவம்'னு சொல்லிட்டு எழுந்து போய்டுவாங்க. உடு."

விட்டுவிட்டேன். மனு இன்னும் முடிவாகாமல் ஒரு மேசைமேல் கிடக்கிறது. மேசைக்குப் பின்னால் உள்ள நாற்காலியில் உட்காருங்கள், பேனாவை எடுங்கள்.

இனி முடிவு உங்களுடையது, பார்த்து எழுதுங்கள். அவள் வாசிப்பாள்.