பேரைக் காட்டு

எட்டு வருடத்துக்கு முந்தைய மாநாட்டு மதிப்பெண்கள் இருந்த எக்செல் கோப்பை நோலீன் டிரான்டர் திறந்தது சும்மா ஒரு சோதனைக்காகத்தான். குடிநீர்ப் பணியாளர் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டில் பேச விரும்புகிறவர்களின் கட்டுரைகளை வாங்கவும் தேர்ந்தெடுக்கவும் மென்பொருள் வாங்கப்போகிறார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து செயற்குழுவுக்குக் காட்டும் பொறுப்பு அவள் தலையில் விடிந்திருந்தது. கம்ப்யூட்டர், காலைத் தேநீர் இரண்டும் எப்போதும் அவள் வேலைதான். கோப்பின் ஓரத்தில் ஒரு நெடுவரிசையை யாரோ மறைத்து வைத்திருந்தார்கள். விரித்தாள். அவள் பெயருக்கு நேராகத் தலைவர் ராஸ் கட்மோரின் குறிப்பு இருந்தது: ‘போன் எடுக்கிற பொம்பளை. டீயைப் பாத்துக்கட்டும்.’ மதிப்பெண் பூஜ்யம்.

அந்த வருடம் அனுப்பியதுதான் அவள் வாழ்நாளில் எழுதிய ஒரே கட்டுரை. குடிநீர் நிலையத்தில் புகார் போனை எடுத்தே பதினாறு கோடைகளைக் கழித்தவள். அணையில் பாசி பிடித்துவிட்டது என்று ஆய்வகம் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே, தண்ணீரில் மண்வாசம் அடிக்கிறது என்று சர்ச் தெருக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை. அதைத்தான் தேதி போட்டு எழுதி அனுப்பியிருந்தாள். இம்முறை இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நமக்கு எழுத வரவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு நம்பியவள்தான், பிறகு பேனாவையே எடுக்கவில்லை. எட்டு வருடம்! தன்னை முட்டாள் என்று தானே நம்பிக்கொண்டு, அந்த ராஸுக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

மூன்று மென்பொருள்களில் ஒன்று, விண்ணப்பிப்பவரின் படத்தையும் பதவியையும் முதலில் காட்டும். ராஸுக்கு அதுதான் பிடித்திருந்தது. இன்னொன்று விலை மலிவு, அதற்கேற்ற லட்சணம். மூன்றாவதோ எல்லோரும் மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை பெயரை மூடியே வைத்திருக்கும். நோலீன் அந்தப் பழைய வருடத்தின் இருபது கட்டுரைகளையும் மூன்றாவதில் ஏற்றினாள். அடையாளம் தெரியாதபடி தலைப்புகளை நீக்கினாள், ஊர்ப் பெயர்களை மாற்றினாள். பழைய குறிப்புகளையும் பழைய மதிப்பெண்களையும் மட்டும் ஓர் எழுத்து மாற்றாமல், அந்தந்தப் பெயரோடு சேர்த்து ஏற்றினாள்.

சனிக்கிழமை காலை பல்லராட் ஊர் மன்றத்தில் செயற்குழு கூடியது. ஒரு தட்டு நிறைய, தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கோடு அவள் போய் இறங்கினாள்.

“நீயே செஞ்சியா கண்ணு? உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்,” என்றான் ராஸ். எல்லாப் பெண்களும் அவனுக்குக் கண்ணுதான்.

“சாப்பிடு ராஸ். இன்னிக்கு உனக்காகத்தான்.”

மாதிரிக் கட்டுரைகள் என்று சொல்லித் திரையைத் திறந்தாள். ராஸ் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். “பேரு எங்கம்மா? ஆள் யாருன்னு தெரியாம எப்படி மார்க் போடறது?”

“படிச்சுப் பாத்துதான் போடணும் போல,” என்றாள் செயலாளர் எஃபி மனோலிஸ். குழுவின் மற்ற மூவரும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் படித்தான். ஒரு மணி நேரம் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். முடிவில் பட்டியல் வந்தபோது, முதல் வரியில் நின்ற கட்டுரைக்கு அவனே பத்துக்குப் பத்து கொடுத்திருந்தான். கடைசி வரிக்கு ஒன்று.

“கடைசியில இருக்கே, வெறும் காத்து!” என்றான். “எழுதினவன் கொழாயைத் தொறந்துகூடப் பாத்திருக்க மாட்டான். ஆனா மொதல்ல இருக்கு பாரு, அந்தப் போன் விஷயம். இது மாதிரிக்காக யாரும் எழுதினதில்ல, எங்கயோ நெஜமா நடந்திருக்கு. யாரா இருந்தாலும் புடிச்சுட்டு வா. இந்த வருஷம் தொடக்கப் பேச்சு அவங்களுக்குத்தான். எஃபி, மினிட்ஸ்ல எழுதிடு.”

எஃபி எழுதினாள். ஒரு தடவை திருப்பியும் வாசித்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு, நோலீனுக்கு இடமில்லாத அந்த மாநாட்டில் தொடக்கப் பேச்சு ராஸுடையது. அவன் ஆபீஸில் யாரோ எழுதிக் கொடுத்ததை மேடையேறி வாசித்தான். அரங்கத்தின் பின்வரிசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே நோலீனும் கைதட்டினாள். தான் வாசித்தது இன்று கடைசி வரியில் கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று மூன்று நாளாக யோசித்திருந்தாள். மன்னிக்கிற குணம் அவளுக்கும் உண்டு. இன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இதையே வாங்கிடலாம்,” என்றான் ராஸ், இன்னொரு லாமிங்டனை எடுத்துக்கொண்டே.

“இன்னும் ஒரு வசதி பாக்கி இருக்கு,” என்று நோலீன் ‘பேரைக் காட்டு’ பொத்தானை அழுத்தினாள்.

அந்த மன்றத்தின் இணையம் எப்போதும் நொண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன கண்ணு, நின்னுடுச்சா?”

“பொறு கண்ணு,” என்றாள் நோலீன். “கீழேருந்து வருது.”

இருபதாவது வரியில் ராஸ் கட்மோர் என்ற பெயர் எழுந்தது. எஃபியின் பேனா நின்றது. பத்தொன்பது, பதினெட்டு. ஒவ்வொரு பெயரும் தன் பழைய குறிப்போடு மேலே மேலே வந்தது. ராஸின் வாய் மெல்லுவதை மறந்திருந்தது. தேங்காய்த் துருவல் அவன் சட்டையில் உதிர்ந்தபடி இருக்க, முதல் வரியின் காலிக் கட்டத்தில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.