கயிற்றுக்கு அந்தப் பக்கம்

நரேல் ஸ்கீயைக் குறுக்கே திருப்பிச் சடாரென்று நின்றாள். ஈரப்பனி முழங்கால்வரை தெறித்தது.

சறுக்குதளத்தின் எல்லைக் கயிற்றுக்கடியில் ஒரு தடம். ஒரே ஓர் ஆளுடையது. குனிந்து நுழைந்து, ஹாலோரன் பள்ளத்துக்குள் இறங்கிப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

தோளில் வயர்லெஸ் கரகரத்தது.

"ஏழு! ஏழாம் நம்பர்! தூங்கிட்டியா?" ரோந்துத் தலைவன் வார்விக். "ஆறு பேர் கிளியர் சொல்லியாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."

தென்கோளத்தில் குளிர் முடிகிற அக்டோபரின் முதல் திங்கட்கிழமை, பனிச்சறுக்கு சீசனின் கடைசி நாள். ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நின்றதும் ரோந்துக்காரர்கள் ஏழு பேரும் உச்சியிலிருந்து ஆளுக்கொரு சரிவாகக் கூவிக்கொண்டே இறங்க வேண்டும். பின்னால் யாரும் தங்கிவிடவில்லை என்று பார்த்துவிட்டு 'கிளியர்' சொல்ல வேண்டும். ஏழாவது 'கிளியர்' விழும்வரை மலை மூடியதாகக் கணக்கில்லை. எவனும் பூட்ஸ் கழற்றக் கூடாது, பீரைத் தொடக் கூடாது. கீழே பாட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது. வெங்காயம் வதங்கும் வாசனை இங்கேவரை வந்தது.

"ஒரு தடம் வெளிய போயிருக்கு வார்விக். திரும்பல."

"போனா என்ன? பள்ளத்துல இறங்கி, ஓடையத் தாண்டி, ரோட்டுக்கு நடந்திருப்பான். எல்லாப் பயலும் அதானே பண்றான்."

"ஓடை மேல இருந்த பனிப்பாலம் நேத்தே இடிஞ்சு விழுந்துடுச்சு. தாண்ட முடியாது. ஏறித்தான் வரணும். வரல."

நடுவே பிப் புகுந்தான். ரோந்தில் அவன்தான் கடைக்குட்டி, முப்பது வயது. "அக்கா, சாசேஜ் கரியாகுது. சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா."

"என் பங்கையும் நீயே முழுங்குடா."

வார்விக்கின் குரல் இறுகியது. "கயித்துக்கு அந்தப் பக்கம் நம்ம பொறுப்பு இல்ல. போலீஸுக்குச் சொல்றேன். அவங்க வரட்டும்."

"அவங்க வந்து சேர ரெண்டு மணி நேரம். பள்ளத்துல இப்பவே வெயில் இல்ல. அதுக்குள்ள எல்லாம் கண்ணாடியா உறைஞ்சிடும்."

"உன் சரிவுல ஆள் இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப கிளியர்னு சொல்றதுக்கென்ன? வாயில இருந்து முத்தா உதிர்ந்திடும்?"

"சொல்ல மாட்டேன்."

வார்விக் குரலை உயர்த்தினான். "எல்லாரும் கேக்கட்டும். நீ கயித்தத் தாண்டினா, அடுத்த வருஷம் ரோந்துக்காரங்க போடற இந்தச் சிவப்பு ஜாக்கெட் உனக்குக் கிடையாது."

பதினோரு குளிர்காலம். கோடையில் கம்பளி மூட்டை தூக்கி, பனி தொடங்கும் ஜூன் மாதத்துக்காகவே காத்துக் கிடந்த பதினோரு வருஷம்.

"என்னதான் ஆச்சு உனக்கு?" வார்விக் கேட்டான். "ஒரு நாள் என்னை எதிர்த்துப் பேசினவ இல்லையே நீ?"

நரேல் மறுபடி அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"ஜாக்கெட்ட நீயே வச்சுக்க."

கயிற்றைத் தூக்கினாள். நுழைந்தாள்.

மேலே இருந்த கஞ்சிப் பனி பத்தே திருப்பங்களில் முடிந்தது. நிழல் தொடங்கிய இடத்தில் உறைந்த தரை ஸ்கீக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஸ்கீயின் விளிம்பு பிடிக்க மறுத்தது. ஒருமுறை வழுக்கி, யூகலிப்டஸ் கிளை ஒன்றைப் பற்றித் தொங்கி, மறுபடி காலூன்றினாள்.

"யாராவது இருக்கீங்களா?"

ஓடைச் சத்தம் மட்டும்.

அப்போது பார்த்தாள். கரையோரம் செங்குத்தாகச் செருகிய ஒற்றை ஸ்கீ. பக்கத்தில் பனியில் ஒரு துளை. துளைக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

தேனீ வேஷம்! கடைசி நாள் கூத்துக்குப் போட்ட கோடு கோடான சட்டை. ஐம்பது வயது ஆள். இடுப்புவரை பனிக்குள், ஒரு கால் ஓடைத் தண்ணீரில். உதடு நீலம்.

"பீர் கொண்டாந்தியாம்மா?" பல் தந்தியடித்தது.

"முதல்ல பேரச் சொல்லு."

"ஹாமிஷ். முழங்கால் போயிடுச்சு. கத்திக் கத்திக் குரலும் போயிடுச்சு."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி நேரம். பள்ளத்துல நான் இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

முதுகுப்பையிலிருந்த மடக்கு மண்வெட்டியை மாட்டிச் சுற்றிலும் வெட்டினாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அவன் கம்மிய குரலில் கதறினான். இன்னும் இழுத்தாள். வெளியே வந்து விழுந்தான். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன்மேல் சுற்றினாள். வயர்லெஸை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஏழு பேசறேன். ஆள் உயிரோட இருக்கான். சறுக்குவண்டி அனுப்பு."

இருபது நிமிஷத்தில் வந்தார்கள். பிப்பும் இன்னும் நால்வரும் வண்டியோடு. முன்னால் வார்விக்கே.

ஹாமிஷை வார்விக் வண்டியில் இறுகக் கட்டினான். பிறகு அவள் பக்கம் வந்தான். அவள் கம்பளிச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, நீ சொன்னதுதான் சரி. ஜாக்கெட் விஷயத்த மறந்துடு. ஆனா ஒண்ணு சொல்லு. ஒத்தத் தடத்துக்காகப் பதினோரு வருஷ வேலையவே தூக்கிப் போடத் துணிஞ்சியே, எதுக்கு?"

நரேல் அவனைப் பார்த்தாள். வயர்லெஸ் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் கேக்கறீங்களா?"

"நான் இங்கதானே நிக்கறேன், எதுக்கு அது?"

"கீழ இருக்கறவங்களும் கேக்கட்டும். போன வருஷம் செப்டம்பர்ல ஒரு பொண்ணு ராத்திரி பூரா இந்தப் பள்ளத்துல ஊர்ந்து வந்தாளே, குளிர்ல விறைச்சு மூணு கால்விரல் போச்சே. மலை மூடினதுக்கு அப்புறம் திருட்டுத்தனமா இறங்கியிருப்பான்னு அவ மேலயே பழியப் போட்டோமே. அன்னிக்கும் இது என் சரிவுதான்."

"நீ கிளியர் சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்கு. தடம் எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்த."

"தடம் இருந்துச்சு வார்விக்," என்றாள் நரேல். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நான் பாத்தேன்."