ரெட்டை எர்த்

கிட்டார் மெக்கானிக்கின் மனைவி இருக்கும் இடத்திலிருந்து இருபத்தாறு அடிக்குள் எந்த எலெக்ட்ரிக் கிட்டாரும் இரைந்ததில்லை. அவள் அதைத் தொட வேண்டியதில்லை, பார்க்கக்கூட வேண்டியதில்லை. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தால் போதும், கீழே கடையில் ஸ்பீக்கரின் உறுமல் அடங்கிவிடும். திருமணமான நாளிலிருந்து பதினான்கு ஆண்டுகள் இது இப்படியே நடந்தது. மெக்கானிக் அதைத் தன் கைத்திறமை என்று நம்பினார். அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

மற்றபடி அவர் தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். வேலை முடித்த கிட்டாரின் பின்மூடித் திருகாணிகளில் நகச்சாயத்தால் புள்ளி வைப்பார். வேறு யாராவது திறந்தால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுக்கும். கிட்டாருக்குள் இரைச்சலை இறக்கிவிட ஒரு எர்த் வயர் போதும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தொடங்கி வால்யூம் குமிழின் முதுகில் முடியும் ஒரே வயர். அவர் இரண்டு வைத்தார். ஒன்று காலை வாரினால் இன்னொன்று இருக்கட்டும் என்றார். ஊரில் அவருக்கு ரெட்டை எர்த் என்று பெயர் விழுந்தது. இரண்டு வழி விட்டால் இரைச்சல் வெளியேறாமல் இரண்டுக்கும் நடுவே சுற்றி வரும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவர் கடையில் ஒருநாளும் அது சுற்றி வரவில்லை என்பதால், அரிச்சுவடி எழுதியவனுக்குத் தொழில் தெரியாது என்று முடிவு செய்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோனதும் பழையபடி இரைகிறது என்று சிலர் திரும்பி வந்ததுண்டு. அவர் கடையிலேயே செருகி வாசித்துக் காட்டுவார். ஊசி விழுந்தால் கேட்கும். உங்கள் வீட்டு கரண்ட் சரியில்லை என்று அனுப்பிவிடுவார். அவர்கள் மறுபடி வரவில்லை. அதுவும் தன் பக்க நியாயத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் அவர் உதிரிபாகம் வாங்கச் சந்தைக்குப் போவார், மாலைதான் திரும்புவார். பதினைந்தாம் ஆண்டில் ஒரு வியாழன், சந்தையில் தண்ணீர்க் குழாய் உடைந்து கடைகளை அடைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கே திரும்பி, முந்தின நாள் முடித்த பஸ் கண்டக்டரின் கிட்டாரைச் செருகினார். அது உறுமியது. இன்னொன்றைச் செருகினார். அதுவும். சுவரில் தொங்கிய ஏழும் வரிசையாக உறுமின. திறந்து பார்த்தார், மூடினார், எதிர்க்கடை வெல்டிங் பட்டறையைச் சந்தேகித்து அங்கே போய் ஒரு சண்டையும் போட்டார். நாலு மணிக்கு இரைச்சல் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. பத்து நொடியில் மனைவி பையோடு உள்ளே வந்தாள்.

"எங்க போயிருந்த?"

"சும்மா, கடை வரைக்கும்."

பை காலியாக இருந்தது.

அடுத்த வியாழன் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வெல்டிங் பட்டறையில் மன்னிப்புக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். அவள் பத்து மணிக்குத் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். கடைக்குள் ஓடிப்போய்ச் செருகினார். உறுமல். நாலு மணிக்கு அமைதி, பிறகு அவள். ஆக, கிட்டார்கள் இவளை அறிகின்றன. கிட்டார்கள் அறிகிற பெண்ணைக் கிட்டார்க்காரன் ஒருவன் அறியாமல் இருப்பானா? அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் மனத்துக்குள் நிறுத்தி வைத்துப் பார்த்தார். பல் டாக்டருக்குத் தொப்பை. கண்டக்டருக்கு நேரம் கிடையாது. ஓட்டல் மேடையில் வாசிக்கிறவனுக்குச் சுருட்டை முடி. அங்கேயே அவர் மனம் நங்கூரம் போட்டது.

மூன்றாம் வியாழன் தோளில் ஒரு கிட்டாரும் கருவிப்பையும் இடுப்பில் பேட்டரி ஸ்பீக்கருமாக அவள் பின்னால் போனார். கண்ணில் படாதபடி ஒரு வளைவு பின்தங்கியே நடந்தார். தெருவெல்லாம் மின்சாரம் இரைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் அருகே தேனீக்கூடுபோல், தையல் கடை அருகே கொசுபோல். இரைச்சல் சட்டென்று அடங்கினால் மிக நெருங்கிவிட்டோம் என்று நின்றார், மறுபடி எழுந்தால் நடந்தார். இப்படியே ஆறு தெரு தாண்டி ஒரு நீலக் கதவின் முன் இரைச்சல் அடங்கியது, பிறகு எழவே இல்லை. உள்ளே யாரோ கிட்டார் வாசித்தார்கள். சுருட்டை முடிக்காரனின் வீடு அது. கதவைத் தட்டினால் பதினைந்து வருடம் போய்விடும் என்று தோன்றியது. ஜன்னலோரம் ஒதுங்கினார்.

சுருட்டை முடிக்காரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா பழைய போர்வைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் மனைவி கதவருகே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு வாரமா உன்னைக் காணோம். இவன் வாசிச்சா வீட்ல மாவு மில்லு ஓடுற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"நான் ஒருத்தி, எத்தனை வீட்டுக்கும்மா போவேன்? டாக்டர் வீட்டுக்கே போன மாசம்தான் போனேன்."

"அவருகிட்ட சொல்லிடலாம்ல அக்கா, வேலை சரியில்லன்னு?"

"வேணாம் தம்பி. அந்த மனுசன் உலகத்துல நம்புறது தன் கைய மட்டும்தான். அதையும் புடுங்கிட்டா எதைப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு?"

ஜன்னலோரம் நின்றவருக்கு, மனைவிக்கு ஒரு கள்ளக்காதலன் இருந்திருந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. அவனையாவது அடிக்கலாம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி அவர் தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். "என்னங்க இது கோலம்?"

"சும்மா, கடை வரைக்கும்."

சுருட்டை முடிக்காரனிடம் கையை நீட்டி, கிட்டாரை வாங்கித் திருப்பினார். நகச்சாயப் புள்ளிகள் ஆறும் உடையாமல் இருந்தன. வேறு கை படவில்லை. நெடுநேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்திருந்துவிட்டு, மனைவியிடம் தெருமுனைக்குப் போய் நிற்கச் சொன்னார். கூப்பிடும்வரை வரக் கூடாது.

"தனியாவா? நம்பி அனுப்புறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

அவள் மூன்றாம் வீட்டைத் தாண்டும்போது ஸ்பீக்கர் உறுமத் தொடங்கியது. பதினான்கு வருட வேலை எப்படி ஒலிக்கும் என்பதை அவர் முதன்முறையாக முழுதாகக் கேட்டார். தந்தியைத் தொட்டார், குறையவில்லை. வயர் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டார், குறைந்தது. பிரிட்ஜுக்குப் போகிற எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பிரித்தார். இரண்டு வயரையும் பிரிட்ஜுக்கு அடியில் பெயிண்டின் மேலேயே வைத்து அழுத்தி மூடியிருந்தார். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. குமிழின் முதுகில் வயரைப் பற்றவைத்த ஈயம் பளபளக்காமல் சாம்பல்போல் கிடந்தது, நகத்தால் நெம்பியதும் பெயர்ந்து வந்தது. பெயிண்டைச் சுரண்டினார். பையிலிருந்த சூட்டுக்கோலைக் காய வைத்து, குமிழின் முதுகு நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருந்து ஈயத்தை ஓட விட்டார். இரைச்சல் பாதியாயிற்று. மீதிப் பாதி சுற்றிச் சுற்றி வந்தது.

இரண்டாவது வயரின் மேல் கட்டரை வைத்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எதையாவது வெட்டித் தொலைங்களேன், காது போகுது" என்றாள் அம்மா.

வெட்டினார். வீடு அமைதியாயிற்று. அவர் அதை நம்பவில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாளா என்று பார்த்து வரச் சொல்லி அந்த அம்மாவை வெளியே அனுப்பினார்.

"அங்கேயேதான் நிக்கிறா. தபால்பெட்டி மேல சாஞ்சிக்கிட்டு, யார்கூடவோ சிரிச்சுப் பேசிட்டிருக்கா."

"யார்கூட?" என்று கேட்டார். பிறகு, வேண்டாம், சொல்ல வேண்டாம் என்றார்.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வியாழக்கிழமைகளில் இருவருமாகப் போனார்கள். அறுபத்தோரு கிட்டார்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு வயரை வெட்டினார். பல் டாக்டர் மட்டும் தனக்கு இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவள் வந்து உட்கார்ந்து பேசுவது அவர் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கடையில் வேலை முடிந்ததும் மெக்கானிக் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, வெல்டிங் பட்டறையைத் தாண்டிப் போய் நிற்பாள். சில வேலைகளுக்கு ஐந்து நிமிடம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம். இவ்வளவு நேரம் நிற்கிறாளே என்று பட்டறைக்காரர் இரும்புக்குழாயில் ஒரு நாற்காலி செய்து அங்கே போட்டார். காய்கறி நறுக்க வசதியாக அதில் ஒரு பக்கம் பலகையும் வைத்திருக்கிறார்.